மூன்றாவது லைன் ரேடியோ

என் மகள் நான்காம் ஆண்டு படிக்கும்போது ஒரு நாள் என்னைச் சோதித்துப் பார்த்தாள். நான் வேலை முடிந்து வந்து, காலுறையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்திருந்தேன். அவள் பள்ளி உடுப்போடு பக்கத்தில் வந்து நின்றாள்.

“அப்பா, இன்னிக்கு ஸ்கூலுக்கு யானை வந்துச்சு.”

“ம்.”

“எங்க டீச்சர முழுங்கிடுச்சு.”

“ம்.”

“அப்புறம் எங்க கிளாஸ் பிள்ளைங்க எல்லாரையும் முழுங்கிடுச்சு. என்னையும் முழுங்கிடுச்சு.”

“சரிம்மா. போய்ப் படி.”

அடுப்படியில் இருந்த என் மனைவி வாய்விட்டுச் சிரித்தாள். மகள் சிரிக்கவில்லை. சிறிது நேரம் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதையும் சொல்வதில்லை. கோபித்துக்கொண்டு நிறுத்தவில்லை. ஒரு கடையில் நமக்கு வேண்டிய சாமான் இருக்காது என்று தெரிந்துவிட்டால் அந்தப் பக்கம் போகாமல் இருப்போமே, அப்படித்தான். பள்ளிக்கூடத்தில் என்ன நடந்தது, யாரோடு சண்டை, யாரோடு சமாதானம், எல்லாம் அம்மாவுக்குப் போயிற்று. எனக்கு “அப்பா, சாப்பிட வாங்க”, “அப்பா, மழை வருது, மோட்டார் சைக்கிளை உள்ளே வைங்க” என்று இரண்டு மூன்று வாக்கியங்கள் மட்டும் மிஞ்சின.

எனக்கு வேலை பெக்கான் நானாஸ் பக்கத்தில், அன்னாசிப் பழத்தை நறுக்கி டின்னில் அடைக்கும் ஒரு கம்பெனியில். மூன்றாவது லைனில், டின்னுக்கு மூடி போடும் மெஷின் அருகில் நிற்கிறேன். காலி டின்கள் மேல்மாடியிலிருந்து கம்பித் தடத்தில் உருண்டு இறங்கும். ஒரு டின் இன்னொரு டின்னை இடித்துக்கொண்டு வரும். பக்கத்தில் நிற்பவரின் காதில் வாயை வைத்துக் கத்தினால்தான் பாதி கேட்கும். எல்லாரும் காதில் அடைப்பு வைத்துக்கொண்டுதான் நிற்போம். ஆனாலும் அந்தச் சத்தம் காது வழியாக மட்டும் வருவதில்லை. பூட்ஸ் வழியாகக் காலில் ஏறும். பல்லில் தெரியும்.

மாலையில் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தால் தலைக்குள் டின்கள் ஓடிக்கொண்டே இருக்கும். சோறு தின்று முடிக்கும்வரை நிற்காது. யாராவது பேசினால் அந்தக் குரல் டின்களுக்குப் பின்னால் எங்கேயோ இருந்து வரும். காது கேட்காமல் இல்லை. கேட்கும். கேட்டதற்குப் பதில் எடுத்துக்கொண்டு வர உள்ளே ஆள் இருக்காது. அதனால்தான் அந்த “ம்”.

என் மனைவி கெலாங் பாத்தாவில் ஒரு எலக்ட்ரானிக் கம்பெனிக்கு பஸ்ஸில் போய் வருகிறாள். அவளுக்கும் களைப்புதான். ஆனால் அவள் களைத்தால் அதிகம் பேசுவாள். நான் களைத்தால் இருக்கிற கொஞ்சமும் நின்றுவிடும். சிறு வயதிலிருந்தே எனக்கு வாய் அப்படி. ஆறாம் ஆண்டோடு படிப்பை விட்டதில் எனக்கு இருந்த ஒரே நிம்மதி, இனி யாரும் எழுந்து நின்று பதில் சொல் என்று கேட்கமாட்டார்கள் என்பதுதான்.

போன வருடம் பள்ளி விடுமுறை வந்தபோது, கம்பெனியில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரும் நாள் ஒன்று வைத்தார்கள். அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்ததைத் தள்ளுவண்டி ஓட்டும் நண்பன்தான் எனக்குப் படித்துச் சொன்னான்.

“மச்சான், ஏழு வயசுல இருந்து பன்னெண்டு வயசு வரைக்கும் வரலாமாம். சோறு உண்டு, சட்டை உண்டு. ஒம் பொண்ணுக்கு என்னா வயசு?”

“பன்னெண்டு.”

“அப்போ இந்த வருசம் விட்டா போச்சு. அடுத்த வருசம் வந்து வேலைக்குத்தான் சேரணும்.”

நான் வீட்டில் அதைச் சொல்லவில்லை. என் மனைவிக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. நண்பனின் மனைவி சந்தையில் பார்த்துச் சொல்லியிருக்கிறாள். இரவுச் சாப்பாட்டின்போது என் மனைவி ஆரம்பித்தாள்.

“ஏங்க, கூட்டிட்டுப் போங்களேன். ஒரு நாளாச்சும் ஒங்க கூட இருக்கட்டும். அவ பெரிய பொண்ணாயிட்டா. இப்பவே ஒங்ககிட்ட ஒண்ணும் சொல்றதில்ல. அடுத்த வருசம் இடைநிலைப் பள்ளிக்குப் போயிட்டா இதுவும் இருக்காது.”

அவள் சொன்னதுதான் எனக்குள் இரண்டு வருடமாக இருந்த பயம். மகள் திரும்பவும் என்னிடம் வந்து ஏதாவது சொல்லவேண்டும். யானை கதையாக இருந்தாலும் சரி. அதற்கு நான் என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். “அங்க அப்பா என்ன செய்வாங்க? சும்மா நின்னுக்கிட்டு இருப்பாங்களா?”

“மெஷின் பாப்பேன்,” என்றேன்.

“அப்பா அம்மா எல்லாரும் அவங்க வேலையப் பத்தி பேசணுமாமே. அத்தை சொன்னாங்க. நீங்க பேசுவீங்களா?”

நண்பனின் மனைவியைத்தான் அவள் அத்தை என்பாள். அந்தச் செய்தியை நண்பன் என்னிடம் மறைத்துவிட்டிருந்தான்.

“பேசுவேன்.”

“அப்போ வரேன்,” என்றாள். நான் பேசுவதைப் பார்க்கத்தான் வருகிறாள் என்று எனக்குப் புரிந்தது.

அன்றிலிருந்து வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் மோட்டார் சைக்கிளில் மலாயில் ஒத்திகை பார்த்தேன். நான் மூடி போடும் மெஷினைப் பார்த்துக்கொள்கிறேன். இந்தப் பக்கம் டின் வரும். அந்தப் பக்கம் மூடி வரும். மெஷின் இரண்டையும் சேர்த்து மடித்து மூடும். யாரும் கை வைக்கக் கூடாது. இவ்வளவுதான். அன்னாசித் தோட்டங்களுக்கு நடுவே போகும் சாலையில் எனக்கு அது நன்றாகவே வந்தது.

அந்த நாள் சனிக்கிழமை. கேன்டீனில் பலூன் கட்டியிருந்தார்கள். பிள்ளைகளுக்கு மஞ்சள் சட்டை கொடுத்தார்கள். என் மகளுக்குக் கொடுத்தது முழங்கால் வரை தொங்கியது. அவள் அதை முடிச்சுப் போட்டு இடுப்பளவுக்கு ஏற்றிக்கொண்டாள். மலாய்ப் பிள்ளைகள், சீனப் பிள்ளைகள், நம் பிள்ளைகள், எல்லாரும் தலையில் வலைத்தொப்பி போட்டதும் ஒரே மாதிரி ஆகிவிட்டார்கள். என் மகளை அவள் நின்ற விதத்தைக் கொண்டுதான் கண்டுபிடித்தேன். ஒரு காலை மடித்து, கொக்கு மாதிரி நிற்பாள். அவள் அப்படி நிற்பது எனக்குத் தெரிந்திருந்தது அன்றைக்கு ஏனோ ஆறுதலாக இருந்தது.

ஆபீஸில் வேலை பார்க்கும் இளம்பெண் ஒருத்தி கையில் மைக்கோடு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வந்தாள். நாங்கள் அவரவர் இடத்தில் நின்றோம். பிள்ளைகளின் காதுக்குப் பொருந்தும் அடைப்பு கம்பெனியில் கிடையாது. அதனால் அவர்கள் சுற்றிவரும் அரை மணி நேரத்துக்கு எல்லா லைனையும் நிறுத்திவிடுவதென்று மேலே முடிவு செய்திருந்தார்கள். எங்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

திடீரென்று நின்றது.

பழுதாகி ஒரு லைன் நின்றால் மற்ற லைன்கள் ஓடிக்கொண்டிருக்கும். எல்லாம் சேர்ந்து நின்று நான் கேட்டதே இல்லை. கூரையில் ஒரு மின்விசிறி கிறீச்சிடுவது கேட்டது. எங்கேயோ பழச்சாறு சொட்டியது. எதிரே நிற்கும் மலாய்க்கார அக்கா மூக்கை உறிஞ்சியது கேட்டது. அவர் எனக்கு எதிரே நிற்கத் தொடங்கிப் பல வருடம் ஆகிறது. அவருக்குச் சளி பிடிக்கும் என்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். வயதில் மூத்தவர். நாங்கள் எல்லாரும் அவரைக் ‘காக்’ என்று கூப்பிடுவோம், அக்கா என்று அர்த்தம்.

பிள்ளைகள் என் மெஷினைச் சுற்றி நின்றார்கள். என் மகள் முன்வரிசையில் இருந்தாள். ஆபீஸ் பெண் சிரித்துக்கொண்டே மைக்கை என் பக்கம் நீட்டினாள். “சரி அங்கிள், நீங்க இங்க என்ன வேலை செய்றீங்கன்னு சொல்லுங்க,” என்று மலாயில் கேட்டாள்.

நான் வாயைத் திறந்தேன்.

அந்த இடத்தில் நின்று நான் வாயைத் திறந்தால் கத்தத்தான் வரும். அந்த மெஷினுக்கு முன்னால் எனக்கு வேறு குரல் கிடையாது. “நான் மூடி” என்று ஆரம்பித்தது கூரையில் போய் இடித்துத் திரும்பி வந்தது. மைக் வீறிட்டது. ஆபீஸ் பெண் மைக்கை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். முன்னால் நின்ற ஒரு சின்னப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். மற்ற பிள்ளைகள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

காக் எனக்கு உதவ நினைத்தார். எதிரே நின்று உள்ளங்கையைக் கீழ்ப்பக்கமாக வைத்து இரண்டு முறை அழுத்திக் காட்டினார். குரலைக் குறை என்று. எங்கள் லைனில் அந்தக் கை வந்தால் வேகத்தைக் குறை என்று அர்த்தம். என் கை தானாகப் போய், நின்றுபோயிருந்த மெஷினின் வேகத் திருகைத் திருப்பியது.

அதைப் பார்த்து எங்கள் ஆட்களே சிரித்துவிட்டார்கள். பிறகு நான் பேசியது எனக்கே கேட்கவில்லை. “சத்தமா, அங்கிள், சத்தமா,” என்றாள் ஆபீஸ் பெண். சத்தமாகப் பேச இனி பயம். “டின் வரும். மூடி வரும்,” என்றேன். கை வைக்கக் கூடாது என்பதைச் சொன்னேனா இல்லையா என்று இப்போதும் நினைவில்லை. சூப்பர்வைசர் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டே, “ஓகே, ஓகே, அடுத்தது,” என்றார்.

என் மகள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூட்டத்தோடு நகர்ந்து போகும்போதும் நிமிரவில்லை.

பழம் வாங்க வெளியூரிலிருந்து வருபவர்கள் நின்று பார்ப்பதற்காக மேல்மாடியில் கண்ணாடி வைத்த ஒரு நடைபாதை இருக்கிறது. பிள்ளைகளை அங்கே ஏற்றிவிட்டார்கள். நறுக்கிய பழம் காத்திருக்காது. லைனை மறுபடி போட்டார்கள். டின்கள் மேலிருந்து இறங்கி வர ஆரம்பித்தன. சத்தம் வந்து என்னை மூடியதும், சொல்ல வெட்கமாக இருக்கிறது, வீட்டுக்கு வந்து சேர்ந்த மாதிரி இருந்தது.

காக் உடனே ஆரம்பித்துவிட்டார். இரண்டு கையையும் வாயருகே குவித்தார். பிறகு காற்றில் ஒரு ரப்பர் குமிழை அமுக்கினார். காலையில் மோட்டாரில் வரும் ரொட்டிக்காரரின் ஹார்ன். நீ ரொட்டி விற்கப் போகலாம் என்கிறார்.

நான் விடுவேனா? மைக் எப்படிப் பறந்தது, சின்னப் பெண்ணின் வாய் எப்படிக் கோணியது, சூப்பர்வைசர் தலையை எப்படித் தடவினார், நான் எப்படிச் செத்துப்போன மெஷினுக்கு வேகம் குறைத்தேன், எல்லாவற்றையும் அபிநயம் பிடித்துக் காட்டினேன். இடையில் ஒரு நசுங்கிய டின் தடத்தில் வந்தது. காக் கையை மூடி மூடித் திறந்து காட்டினார். நான் இரண்டு மணிக்கட்டையும் குறுக்கே வைத்தேன். லைனை நிறுத்தினோம். டின்னை எடுத்து எறிந்தோம். மறுபடி ஓட்டினோம். விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். பழம் வெட்டும் மேசையருகே நின்ற பெண்கள் எல்லாரும் கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள்.

வாயால் பேசுவதற்குத்தான் எனக்குக் கூச்சம். கைக்கு அந்தக் கூச்சம் வந்ததே இல்லை. அந்தச் சத்தத்தில் நாங்கள் வருடக்கணக்காக இப்படித்தான் பேசிக்கொள்கிறோம். இரண்டு கையாலும் தே தாரிக் இழுத்துக் காட்டினால் தேநீருக்குப் போகலாமா என்று அர்த்தம். தலையைத் தடவினால் சூப்பர்வைசர் வருகிறார். காக்கின் மருமகளுக்குக்கூட ஒரு கைஜாடை உண்டு. அந்தப் பெண்ணைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவு அவள் கணவனுக்குத் தெரிந்திருக்குமா என்று சந்தேகம்தான்.

சிரித்து முடித்து நிமிர்ந்தபோது மேலே கண்ணாடி. பிள்ளைகள் எல்லாரும் டின்கள் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மகள் மட்டும் நெற்றியைக் கண்ணாடியில் ஒட்டிவைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. எவ்வளவு நேரமாக அப்படி நிற்கிறாளோ, மூச்சுக்காற்றில் கண்ணாடி அந்த இடத்தில் மங்கியிருந்தது.

மதியம் கேன்டீனில் பிரியாணிப் பொட்டலம். நானும் மகளும் ஒரு மேசையில் உட்கார்ந்தோம். நண்பன் எதிரே வந்து உட்கார்ந்தான். காக் மகளுக்குப் பக்கத்தில் இடம் பிடித்துக்கொண்டார்.

“என்னம்மா,” என்றான் நண்பன், “ஒங்கப்பா பேசுனது பெர்மாஸ் ஜெயா வரைக்கும் கேட்டுச்சாம்லா. எங்க அக்கா போன் போட்டு என்னா சத்தம்னு கேக்குது.”

மகள் அவனைக் கவனிக்கவில்லை. என்னிடம் திரும்பினாள்.

“அப்பா, அந்த மக்சிக் கட்டைவிரல இப்படி இப்படி தள்ளுனாங்களே, அது என்னா?”

மக்சிக் என்றால் மலாயில் அத்தை, சித்தி எல்லாம்தான். எங்களுக்குக் காக், அவளுக்கு மக்சிக்.

“அது அவங்க மருமக. எந்நேரமும் போன தள்ளிக்கிட்டே இருக்குமாம்.”

“மருமகளுக்கு என்னா?”

“நேத்து சோத்த அடுப்புல வச்சிட்டு போன் பாத்துச்சாம். கருகிப் போச்சாம். கேட்டா, இது புது ரெசிப்பின்னுச்சாம்.”

“அத எல்லாம் கையிலயே சொன்னாங்களா?”

“ம்,” என்றேன். பிறகு சுதாரித்துக்கொண்டு, “ஆமா,” என்றேன்.

“கைய மூடி மூடித் தொறந்தாங்களே?”

“டின்னு நசுங்கி வருதுன்னு அர்த்தம்.”

“நீங்க கைய குறுக்க வச்சீங்க.”

“லைன நிறுத்தணும்னு. நிறுத்தலன்னா மெஷின்ல மாட்டிக்கும். அப்புறம் எல்லா டின்னும் கெட்டுப் போயிரும்.”

நாங்கள் என்ன பேசிக்கொள்கிறோம் என்று காக்குக்கு எங்கள் கைகளைப் பார்த்தே தெரிந்துவிட்டது. மலாயில் மகளிடம் சொன்னார். “உங்கப்பாவ நாங்க இங்க ரேடியோன்னுதான் கூப்பிடுவோம். மூணாவது லைன் ரேடியோ. காலையில தொறந்தா சாயந்தரம்தான் மூடும்.”

“எங்க அப்பாவா?”

“அலமாக், வேற யாரு? ஒன்னப் பத்தியும் எல்லாம் தெரியும் எங்களுக்கு. பல்லு விழுந்தப்போ அத மோட்டார் சீட்டுக்கு அடியில ஒளிச்சு வச்சியாமே. நாடகத்துல மரமா நின்னு, கொசு கடிச்சுக் கிளையெல்லாம் ஆடிருச்சாமே. அப்புறம் இது.” காக் முழங்கையை மூக்கில் வைத்து, கையைத் தும்பிக்கை மாதிரி ஆட்டினார். மேசையிலிருந்த ஒரு சோற்றுப் பருக்கையை எடுத்து விழுங்கினார். “டீச்சர முழுங்கிருச்சு. பிள்ளைங்கள முழுங்கிருச்சு. இந்தக் கதைக்கு வெட்டுற மேசையில ஒருத்தி சிரிச்சு சிரிச்சு அழுதே போயிட்டா. அதுல இருந்து ஒன் பேரே இங்க யானைதான்.”

அவர் மறுபடி தும்பிக்கையை ஆட்டிக் காட்டினார். பிறகு வருத்தமாகச் சொன்னார். “ஆனா ரெண்டு வருசமா யானை கதை ஒண்ணும் வர்றதில்ல. நானும் கேப்பேன். அப்பா கைய விரிச்சிருவாரு. வளந்துட்டல்ல, என்ன செய்றது.”

மகள் கரண்டியைக் கீழே வைத்தாள். முகம் சிவந்திருந்தது. அவள் சந்தோஷப்படுவாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் தமிழில், மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

“அப்போ நான் சொன்னது எல்லாம் கேட்டுக்கிட்டுதான் இருந்தீங்களா?”

“கேட்டேம்மா.” யானை கதையை மட்டும் அன்றிரவு என் மனைவி சொல்லித்தான் சரியாகப் புரிந்துகொண்டேன். மற்றது எல்லாம் கேட்டதுதான்.

“கேட்டுட்டு, சிரிக்காம, ம்-னு சொல்லிட்டு, இங்க வந்து எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிச்சீங்களா?”

நண்பன் தண்ணீர் எடுத்து வருகிறேன் என்று எழுந்து போய்விட்டான். காக் எங்கள் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் ஏதோ நசுங்கிவிட்டது என்று அவருக்கும் தெரிந்திருக்கும்.

களைப்புதான் காரணம் என்று சொல்லியிருக்கலாம். அதைச் சொல்லவும் எனக்குத் தெம்பு இல்லை. எதிரே நிற்கிறவர்களுக்கு வேலைக்கு நடுவே சொல்வது எனக்குக் களைப்பே இல்லை. அது நிற்கும் நேரத்தை நகர்த்தும். வீட்டில் சொல்ல வேண்டுமென்றால் முதலில் அந்த டின்கள் நிற்க வேண்டும். அவள் பேச வரும் நேரத்தில் அவை நின்றதே இல்லை. இதை எல்லாம் ஒரு பிரியாணிப் பொட்டலத்துக்கு முன்னால் உட்கார்ந்து பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு எப்படி எடுத்துச் சொல்வது?

திரும்பி வரும்போது மோட்டாரில் அவள் என் இடுப்பைப் பிடித்துக்கொள்ளவில்லை. பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். வீட்டு வாசலில் என் மனைவி ஆவலோடு நின்றுகொண்டிருந்தாள்.

“எப்படி இருந்துச்சும்மா?”

“அப்பா அங்க ரேடியோவாம்,” என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

என் மனைவி என்னைப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன். “ரேடியோவா? அப்போ வீட்டுக்கு வர்ற வழியில பேட்டரிய கழட்டிப் போட்டுட்டு வந்துர்றீங்களா?” என்றாள். பிறகு அவளுக்கே பாவமாக இருந்திருக்கும். பாலில்லாமல் தே ஓ கலக்கிக் கொண்டுவந்து வைத்தாள்.

அடுத்த வாரம் முழுக்க நான் முயற்சி செய்தேன். வீட்டுக்கு வந்ததும் நாற்காலிக்குப் போகாமல் அவள் மேசைக்குப் போனேன். வழியில் தயார் செய்துகொண்டு வந்ததைக் கேட்டேன்.

“இன்னிக்கு என்னாம்மா செஞ்ச?”

“ஒண்ணுமில்ல.”

“கூட்டாளிங்க வந்தாங்களா?”

“இல்ல.”

அவளுடைய பதில்கள் என்னுடையவை போலவே இருந்தன. நான் யாரிடம் குறை சொல்வது? நாற்காலிக்குப் போனேன். கால் வலித்தது. கம்பெனியில் காக் தினமும் தும்பிக்கையை ஆட்டி என்ன செய்தி என்று கேட்டார். நான் கையை விரித்தேன்.

பள்ளி திறந்தது. ஒரு நாள் மாலை மழை பெய்துகொண்டிருந்தது. தகரக் கூரையில் மழை விழும் சத்தமும் உள்ளே குக்கர் விசிலும் பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியும் சேர்ந்து, கம்பெனியில் பாதியளவுக்கு இரைச்சல் இருந்தது. நான் வீட்டுக்கு முன்னால் கூரைக்கடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, நனைந்த காலணியைக் கழற்றிக்கொண்டிருந்தேன். யாரோ ஜன்னல் கம்பியைத் தட்டினார்கள்.

மகள் கம்பிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். கட்டைவிரலால் காற்றில் இரண்டு முறை மேலே தள்ளினாள். புருவத்தைத் தூக்கினாள்.

காக்கின் மருமகள் எப்படி இருக்கிறாள் என்று கேட்கிறாள்.

ஒரு காலணி காலில் இருந்தது, ஒன்று கையில் இருந்தது. அதைக் கீழே போட்டேன். மருமகள் காய்ந்த துணியை எடுக்காமல் போன் பார்த்துக்கொண்டிருந்ததையும், மழை வந்ததையும், காக் குடையோடு ஓடியதையும், காற்று குடையை மடக்கிவிட்டதையும் காட்டினேன். தலைக்குள் டின்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. கைக்கு அவை குறுக்கே வரவில்லை. மகள் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தாள். குடை மடங்கிய இடத்தில் அவளால் முடியவில்லை. சிரித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாள் அப்படிப் போயிற்று. தினமும் இல்லை. சில நாள் எனக்குக் கையும் ஓய்ந்து போயிருக்கும். சில நாள் அவள் வெளியே வரமாட்டாள். வந்தாலும் மருமகள் கதையைக் கேட்டுக்கொண்டு போய்விடுவாள். தன் கதை எதையும் சொல்லவில்லை. நான் கேட்கவும் இல்லை. மருமகள் வழியாகவாவது அவள் ஜன்னலுக்கு வருகிறாளே என்று இருந்தேன். விஷயத்தைக் கேள்விப்பட்ட காக், மருமகளின் கதைகளைக் கொஞ்சம் கூட்டியே சொல்ல ஆரம்பித்தார் என்று நினைக்கிறேன். ஒரு மனுஷி அத்தனை முறை சோற்றைக் கருக்க முடியாது.

ஒரு நாள் எங்களுக்கு ஆள் பற்றாக்குறை. இரண்டு பேர் பார்க்க வேண்டிய மெஷினை நான் ஒருவனே பார்த்தேன். வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது எழுந்திருக்க முடியும் என்று தோன்றவில்லை. மனைவி இன்னும் வேலையிலிருந்து வரவில்லை. ஜன்னல் கம்பி தட்டப்பட்டது. மருமகளைப் பற்றித்தான் கேட்கப் போகிறாள், இன்றைக்கு என்னால் முடியாது என்று நினைத்துக்கொண்டே திரும்பினேன்.

அவள் கட்டைவிரலைத் தள்ளவில்லை. முழங்கையை மூக்கில் வைத்தாள். தும்பிக்கை ஆடவில்லை, சும்மா தொங்கியது. பிறகு அந்தக் கையைக் கீழே இறக்கி, விரல்களை மூடினாள். திறந்தாள். மறுபடி மூடினாள். இந்த முறை திறக்கவில்லை.

பள்ளிப் பையை இன்னும் முதுகிலிருந்து இறக்காமல் இருந்தாள். ஒரு காலை மடித்து நின்றிருந்தாள்.

நான் இரண்டு மணிக்கட்டையும் குறுக்கே வைத்தேன். நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஒரு காலில் காலுறையோடு, உள்ளே போனேன்.